தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு கீற்றுக் கொட்டகை

செட்டிநாட்டுக் கட்டடங்கள் நிலைத்து நிற்பதற்கென்றே எழுந்தவை. பர்மாத் தேக்கில் தூண். முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் சுவர்ப்பூச்சு. ஆத்தங்குடியில் வார்த்தெடுத்த தரைக்கல். முகப்பு, வளவு, கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் அவ்வீடுகளைக் கட்டியவர்கள், தங்கள் பேரர்களின் பேரர்களும் அங்கே படைப்பு வீட்டுச் சடங்குகளில் கூடுவார்கள் என்று நம்பினார்கள். அத்தகைய ஊரில், தமிழ்த் திரைப்பட வரலாற்றில் பெரியதொரு திருப்பத்தை உண்டாக்கிய கட்டடம் மட்டும் கீற்றால் வேயப்பட்டது. அது நின்ற காலமும் மிகக் குறைவு. 1946இல் வந்தது, 1948இல் ஊரைவிட்டுப் போயிற்று. காரைக்குடியின் தேவகோட்டை ரஸ்தாவில் ஏவி.எம். நிறுவனம் நடத்திய படப்பிடிப்பு நிலையமே அது.

கொட்டகை என்ற சொல்லைத் தமிழர் கையாண்ட விதம் சுவையானது. மாடு கட்டும் இடமும் கொட்டகை, திருமணப் பந்தலின் பின்னே சமையலுக்குப் போடுவதும் கொட்டகை, நாடகம் நடக்கும் இடமும் கொட்டகை. பின்னர் ஓடும் படம் வந்தபோது அதற்கும் அச்சொல்லே போதுமானதாயிற்று. கூரை துணியானாலும் கீற்றானாலும் தகரமானாலும், மக்கள் நாவில் அது சினிமாக் கொட்டகைதான். அரங்கம், திரையரங்கு என்பன எழுத்தில் பிறந்த சொற்கள். ஊர் அவற்றை நெடுநாள் ஏற்கவில்லை. நாடகக் கொட்டகை சினிமாக் கொட்டகையாவது அக்காலத்தில் நாடெங்கும் நடந்த செய்தி. நாடகக் கொட்டகை படமெடுக்கும் கொட்டகையானது காரைக்குடியில் நடந்தது.

தென்னாட்டில் கொட்டகையின் தோற்றமே ஊர் ஊராய் அலைந்த கதைதான். திருச்சியில் இரயில்வேயில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் நோயுற்றுத் தாயகம் திரும்ப நேர்ந்த துய்ப்போன் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில துண்டுப் படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுக் கூடாரத்தோடு புறப்பட்டார். 1914இல் அவர் கோயம்புத்தூரில் கட்டிய வெரைட்டி ஹாலே தென்னிந்தியாவின் முதல் நிலைத்த திரையரங்குகளுள் ஒன்று. பிற்காலத்தில் டிலைட் என்று பெயர் மாறிய அக்கட்டடம் அண்மை ஆண்டுகளில் இடிக்கப்பட்டது. ஆயினும் அது நின்ற சாலை இன்றும் வெரைட்டி ஹால் ரோடு எனவே வழங்குகிறது. கட்டடம் போனாலும் பெயர் நிற்பதற்கு அது ஒரு சான்று. காரைக்குடிக் கொட்டகைக்கு அந்தப் பேறும் வாய்க்கவில்லை.

அக்கொட்டகையை அமைத்த ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1907இல் காரைக்குடியில் பிறந்தவர். தந்தையார் ஆவிச்சி செட்டியாரின் கடையில் இசைத்தட்டு வாணிபம் நடந்தது. நகரத்தார் பிள்ளைகள் பலர் இரங்கூனுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிக் கொண்டுவிற்கப் பழகிய வயதில், இவர் குரலை விற்கப் பழகினார். சென்னைக்குச் சென்று கூட்டாளிகளோடு சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்ற பெயரில் இசைத்தட்டு வெளியிட்டார். தட்டு வாணிபமே படத்துக்கு வழிவிட்டது. 1935இல் கல்கத்தாவில் எடுத்த 'அல்லி அர்ஜுனா' தோல்வி. அதனையடுத்த 'இரத்னாவளி'யும் கைகொடுக்கவில்லை. 1938இல் வந்த 'நந்தகுமார்' அவர் பெயரை நிலைநிறுத்தியது. அப்படத்தில் நடித்தவரின் குரலை விலக்கி, லலிதா வெங்கட்ராமன் என்னும் பாடகியின் குரலைச் சேர்த்தார்கள். தமிழ்ப் படத்தில் பின்னணிக் குரலின் தொடக்கமாக அது குறிக்கப்படுகிறது. 1943இல் கன்னடத்தில் எடுத்த 'ஹரிச்சந்திரா'வை மறு ஆண்டே தமிழ் பேசவைத்தார். 1945இல் 'ஸ்ரீவள்ளி' முடிந்த பிறகு, நாயகி ருக்மணியின் பாட்டு நிறைவு தராமையால், பெரியநாயகியின் குரலைப் பொருத்தினார். இசைத்தட்டுக் கடையில் வளர்ந்த காது அது. முகத்தைவிடக் குரலுக்கு அதிகம் கவலைப்பட்ட படமுதலாளி என்று மெய்யப்பரைச் சொல்லலாம். பின்னர் காரைக்குடியில் நடந்தவற்றை விளங்கிக்கொள்ள இக்குறிப்பு உதவும்.

1945 அக்டோபர் 14ஆம் நாள் சென்னைச் சாந்தோமில் ஏவி.எம். புரொடக்ஷன்ஸ் தொடங்கப்பெற்றது. காலம் நல்ல காலமன்று. போர் முடிந்தும் போர்க்காலத் தட்டுப்பாடு முடியவில்லை. கச்சாப் பிலிமுக்குப் பங்கீடு நடந்த நாட்களை எல்லாப் படமுதலாளிகளும் கண்டிருந்தனர். படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டலாகாது என்ற விதியும் இருந்தது. சென்னையில் புதிய ஸ்டூடியோவுக்கு மின்சாரம் கிடைப்பது அரிதாயிருந்தது. எனவே மெய்யப்பர் சொந்த ஊரை நாடினார். தேவகோட்டை ரஸ்தாவில் ஒரு நாடகக் கொட்டகையும் அதனைச் சூழ்ந்த வெட்டவெளியும் வாடகைக்குக் கிடைத்தன. நாடக மேடை படப்பிடிப்புத் தளமாயிற்று. சுற்றிலும் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன. நடிகர், பாடகர், தச்சர், ஓவியர், ஒலிப்பதிவாளர் எனப் பலரும் வந்து தங்க, புகைவண்டி நிலையத்தையடுத்த பொட்டல் ஒரு சிற்றூராயிற்று.

காரைக்குடியின் நிலையையும் இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். 1942இல் பர்மா சப்பானியர் கைப்பட்டபோது நகரத்தார் முதலீட்டின் பெரும்பகுதி அங்கே சிக்கிக்கொண்டது. நிலமும் பற்றுச்சீட்டும் கடைகளும் அங்கே நிற்க, ஆட்கள் கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பி வந்தனர். தேக்கு வந்த வழி அடைபட்டது. வளவுகளில் கணக்குப் பேரேடுகள் மூடப்பட்ட நாட்கள் அவை. அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் வந்து, நிழலைப் பிடித்து விற்கும் தொழிலுக்குக் கொட்டகை போட்டார் என்றால், ஊர்ப் பெரியவர்கள் எவ்வாறு பார்த்திருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. வட்டித்தொழில் நாணயத்தின்மேல் நிற்பது. சினிமாவோ அந்நாளில் நாணயத்துக்குப் பெயர்பெற்ற தொழிலன்று.

அக்கொட்டகையில் முதலில் உருவான படம் 'நாம் இருவர்'. ப. நீலகண்டனின் நாடகம் அது, கலைவாணர் என்.எஸ்.கே. பெயரிலமைந்த நாடக சபையார் மேடையேற்றிப் புகழ் பெற்றது. மெய்யப்பர் நாடகத்தின் உரிமையைப் பெற்றதோடு நீலகண்டனையும் தம்மோடு சேர்த்துக்கொண்டார். டி.ஆர். மகாலிங்கம், டி.ஏ. ஜெயலட்சுமி, பி.ஆர். பந்துலு ஆகியோர் நடித்தனர். இருபது வயதை ஒட்டிய வி.கே. ராமசாமி கிழவர் வேடத்தில் திரைக்கு அறிமுகமானார். அதன்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அவர் கிழவராகவே நடித்தார் என்பது வேறு கதை. குழந்தை கமலா ஆடினார். இசை ஆர். சுதர்சனம். கள்ளச்சந்தைப் பணத்தைச் சாடும் குடும்பக் கதை. பாரதி விழாவில் தொடங்கிக் காந்தியடிகள் பிறந்தநாளில் நிறைவது. புராணமும் மாயமந்திரமும் மலிந்த காலத்தில், அன்றைய அரிசிப் பஞ்சத்தையும் அன்றைய பேராசையையும் பேசிய படம். கதையமைப்பில் குறை காண்போர் காணலாம். உரையாடல் பல இடங்களில் மேடையை விட்டு இறங்காமலே நிற்கிறது. ஆனால் படத்தை ஓடவைத்தது பாரதியின் பாட்டு.

இங்கே ஒரு பழைய செய்தியை நினைவுகூர்தல் பொருத்தம். 1919 நவம்பரில் பாரதியார் காரைக்குடிக்கு வந்தார். இந்து மதாபிமான சங்கத்தார் அவரை வரவேற்றனர். இராய. சொ., சொ. முருகப்பா போன்ற இளைஞர்கள் தமிழும் நாட்டுப்பற்றும் சமூகச் சீர்திருத்தமும் ஒன்றே என்று கருதி வளர்த்த சங்கம் அது. கவிஞர் அச்சங்கத்தை வாழ்த்திப் பாடினார். இன்று நாடெங்கும் காணும் பாரதியின் உருவப்படங்கள் சில அவ்வருகையின்போது காரைக்குடியில் எடுக்கப்பட்டவையே. கையில் கோலோடு நிமிர்ந்து நிற்கும் அந்த உருவம், ஓவியர்களுக்கும் சிலை வடிப்போர்க்கும் மூலமாயிற்று. பாரதியின் முகத்தைத் தமிழகத்துக்குத் தந்ததில் இவ்வூருக்குப் பங்கு உண்டு. இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின்னர் அதே ஊரின் புறத்தே, அவருடைய பாட்டு படச்சுருளில் ஏறிற்று.

'சுதந்திரப் பள்ளு' பாரதியார் விடுதலை வருமுன்னரே வந்துவிட்டதாகப் பாடிய பாட்டு. அதனை டி.கே. பட்டம்மாள் பாட, கமலா ஆட, 1947 ஜனவரியில் மக்கள் திரையில் கண்டார்கள். அப்போதும் விடுதலை வரவில்லை. ஏழு மாதம் எஞ்சியிருந்தது. எழுதியவர் கற்பனையில் கண்டதைப் பார்த்தவர்கள் வாசலில் கண்டார்கள். பட்டம்மாள் பக்திப் பாடலும் நாட்டுப் பாடலும் அன்றிச் சினிமாவுக்குப் பாடுவதில்லை என்ற உறுதி உடையவர். அவர் குரல் கச்சேரி மேடையின் மதிப்பைக் கொட்டகைக்குக் கொண்டுவந்தது. நூல் வாங்கிப் படிக்க இயலாதவரும், எழுத்தறியாதவரும், கச்சேரி சபையின் வாயிலை மிதிக்காதவரும் நாலணாவுக்குத் தரையில் அமர்ந்து பாரதியைக் கேட்டனர். கவியரங்குகளும் மலர்களும் நூற்பதிப்புகளும் பல்லாண்டு முயன்றும் எட்டாத செவிகளை ஒரு படம் எட்டியது. கவிஞர்களுக்கு இச்செய்தி சற்றுக் கசக்கக்கூடும், ஆயினும் உண்மை.

ஆனால் அப்பாட்டுக்கு அப்போது உரிமையாளர் ஒருவர் இருந்தார். கதையின் கனமான பகுதி இதுவே. 1921இல் பாரதியார் மறைந்தபின், அவர் எழுத்துகளின் உரிமை குடும்பத்தாரிடமிருந்து பாரதி பிரசுராலயத்துக்குச் சென்று, இறுதியில் அவர் தம்பி சி. விசுவநாதன் கையில் நின்றது. 1930களின் இடையில் இசைத்தட்டு, ஒலிபரப்பு முதலியவற்றுக்கான உரிமை மட்டும் தனியே பிரிந்து, சென்னையிலிருந்த இசைத்தட்டு வணிகர் ஒருவருக்குச் சில நூறு ரூபாய்க்கு விற்கப்பட்டது. பேசும்படம் அப்போது கைக்குழந்தை. அதே உரிமையை 1946இல் மெய்யப்பர் ஏறத்தாழ 10,000 ரூபாய் கொடுத்து வாங்கினார். பாட்டின் பொருள் மாறவில்லை. சொல் ஒன்றும் கூடவில்லை. விலை மட்டும் அவ்வளவு ஏறியிருந்தது. காரைக்குடிக் கொட்டகையில் பாரதி பாட்டு ஒலித்தபோது, வேறு எவரும் அதைப் படத்தில் பாடலாகாது என்ற நிலையும் கூடவே ஒலித்தது.

அந்த நிலை விரைவில் சோதனைக்கு உள்ளாயிற்று. டி.கே.எஸ். சகோதரர்கள் 1948இல் எடுத்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டொன்று இடம்பெற்றது. ஏவி.எம். வழக்குத் தொடுத்தது. அவ்வை சண்முகம் தளரவில்லை. பாரதி நாட்டின் சொத்து, தனியொருவர் பெட்டியில் பூட்டத்தக்கவரல்லர் என்று வாதிட்டார். எழுத்தாளர்கள் திரண்டனர். நாரண துரைக்கண்ணன் முதலியோர் பாரதி விடுதலைக் கழகம் என ஓர் அமைப்பை உண்டாக்கி, செல்லம்மா பாரதியைக் கண்டு ஒப்புதல் பெற்று, அரசை அணுகினர். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் தலைமையிலான அமைச்சரவை பாரதி நூல்களின் உரிமையை ஏற்க முன்வந்தது; கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் 1949இல் அதனை அறிவித்தார். மெய்யப்பர் தம்மிடமிருந்த உரிமையைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாவுக்கும் மகளிர் இருவருக்கும் தலைக்கு 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன. 1955இல் அவ்வுரிமை முழுமையும் பொதுமக்களுக்கே உரியதாயிற்று. ஒரு கவிஞரின் எழுத்தை அரசே வாங்கி மக்களிடம் ஒப்படைத்தது உலக அளவிலும் அரிய செயல்.

இதில் மெய்யப்பரை வள்ளல் என்று மட்டும் எழுதுவோரும் உளர்; வணிகர் என்று மட்டும் எழுதுவோரும் உளர். வழக்குப் போட்ட கையும் உரிமையை விட்ட கையும் ஒன்றே. விலை கொடுத்து வாங்கிய பொருளை வேறொருவர் கேளாமல் எடுத்தால் வழக்கிடுவது வணிகர் நெறி. ஊர்ப்பொது என்று ஊர் சொன்னபின் அதற்கு விலை பேசாதிருப்பது கோயிலுக்குத் திருப்பணி செய்து பழகிய மரபின் நெறி. இரண்டும் நகரத்தார் வாழ்வில் முரணின்றி ஒருங்கே இருந்தவை. பில்ஹணன் வழக்கு எழாதிருந்தால் அவர் தாமே முன்வந்து விட்டிருப்பாரா என்ற வினாவையும் ஒதுக்க இயலாது. ஒன்று உறுதி: 'நாம் இருவர்' அவ்வளவு வெற்றி பெறாதிருந்தால் பாரதி பாட்டின் விலை எவர் கண்ணிலும் பட்டிராது, விலை கண்ணில் படாதிருந்தால் விடுதலைப் போராட்டமும் எழுந்திராது. அவ்வகையில் பாரதி பாட்டின் பொதுவுடைமைக்கு வித்து விழுந்த இடம் தேவகோட்டை ரஸ்தாவின் கீற்றுக்கூரைக்குக் கீழேதான்.

அடுத்து 'வேதாள உலகம்'. பம்மல் சம்பந்த முதலியாரின் பழைய நாடகம். மகாலிங்கமே நாயகர், கமலாவோடு லலிதா, பத்மினி சகோதரிகளும் ஆடினர், அதிலும் பாரதி பாடல்கள் இருந்தன. 1948இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஏவி.எம். கோடம்பாக்கத்துக்குக் குடிபெயர்ந்தது. சென்னையில் மின்சாரத் தடை நீங்கியபின் நடிகரையும் பாடகரையும் பிலிமையும் முந்நூறு கல் தொலைவுக்கு வரவழைத்துத் தொழில் நடத்துவது கட்டுபடியாகாது. ஆகவே போனார்கள். போனதில் வியப்பில்லை.

ஆனால் அதே ஆண்டில் காரைக்குடியில் நடந்த மற்றொன்றை அருகில் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் போக்கின் பொருள் புலப்படும். 1947இல் அழகப்பச் செட்டியார் இங்கே கல்லூரி தொடங்கினார். 1948 ஜூலை 25இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். அதற்கென 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் அழகப்பர் அளித்தவை. 1953 ஜனவரியில் அது திறக்கப்பெற்றது. ஒரே பொட்டலில் இரண்டு நாற்று. ஒன்று வேரூன்றிப் பல்கலைக்கழகம்வரை வளர்ந்தது. மற்றொன்றைப் பிடுங்கிக் கோடம்பாக்கத்தில் நட்டார்கள். அங்கே அது தழைத்தது. அழகப்பர் பிறர் கொண்டுவர எண்ணாததை இங்கே கொண்டுவந்தார். மெய்யப்பர் இங்கே இருந்ததை அதற்குரிய சந்தைக்குக் கொண்டுபோனார். சினிமா சந்தையை விட்டு விலகி வாழும் தொழிலன்று.

கொட்டகை போனபின்னும் ஊரின் ஆட்கள் அதன் பின்னே சென்றனர். சிறுகூடற்பட்டிக் கண்ணதாசனும், அவர் தமையனார் படமுதலாளி ஏ.எல். சீனிவாசனும், பஞ்சு அருணாசலமும், எஸ்.பி. முத்துராமனும் இப்பகுதியார். முத்துராமன் ஏவி.எம்.மில் படத்தொகுப்புப் பிரிவில் பணி பயின்றே இயக்குநரானார். இந்நால்வரை மட்டும் எண்ணினாலும், செட்டிநாடு சினிமாவுக்கு முதலைக் காட்டிலும் சொல்லையே அதிகம் கொடுத்தது என்பது விளங்கும்.

குடிபெயர்ந்த நிறுவனம் 1952 தீபாவளிக்குத் தந்த படம் 'பராசக்தி'. நேஷனல் பிக்சர்ஸோடு சேர்ந்து எடுத்தது. அப்படத்தோடு மதுரையில் திறக்கப்பட்டது தங்கம் திரையரங்கு. ஈராயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் அமரக்கூடிய அப்பேரரங்கு ஆசியாவிலேயே பெரியதென்று மதுரை மக்கள் நெடுநாள் பெருமை பேசினர். அதற்கு முன்னரே, 1937இல் வந்த 'சிந்தாமணி' படத்தின் வருவாயிலிருந்து எழுந்த சிந்தாமணி திரையரங்கும் மதுரைக்கு ஓர் அடையாளமாயிருந்தது. இரண்டும் இன்று இல்லை. இரண்டின் இடத்திலும் துணிக்கடைகள் நிற்கின்றன. கல்லும் சிமெண்டும் இரும்பும் கொண்டு எழுப்பியவையே அறுபது எழுபது ஆண்டுகளில் பெயரளவாயின என்றால், ஈராண்டு நின்ற கீற்றைக் குறித்துச் சொல்ல வேண்டியதில்லை. கீற்று இரண்டு மழைக்குத் தாங்கும், மூன்றாவதற்கு மாற்றவேண்டும். மாற்ற ஆளில்லாவிடில் மண்ணோடு மண்ணாகும்.

அக்காலப் படச்சுருளும் அதற்குச் சளைத்ததன்று. நைட்ரேட் பிலிம் எளிதில் தீப்பற்றும்; தீப்பற்றாவிடினும் தானே பிசுபிசுத்துப் பொடியாகும். தமிழின் முதல் பேசும்படமாகிய 1931ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' படத்தின் பிரதி கிடைக்கவில்லை. நடராஜ முதலியாரின் 'கீசகவதம்' பெயராக மட்டும் எஞ்சியுள்ளது. அவற்றை எண்ணும்போது, காரைக்குடியில் எடுத்த 'நாம் இருவர்', 'வேதாள உலகம்' ஆகிய இரண்டும் இன்றும் காணக்கிடைப்பது நற்பேறு. செட்டிநாட்டின் கல் வீடுகளில் பல ஆளின்றிப் பூட்டிக் கிடக்கின்றன; சிலவற்றின் தூணும் நிலையும் கழற்றி விற்கப்பட்டுவிட்டன. கீற்றின் கீழ் எடுத்த நிழல் நிற்கிறது.

பின்னாளில் சினிமா செட்டிநாட்டுக்குத் திரும்பியது. தொழிலாகவன்று, பின்னணிக் காட்சியாக. 2000இல் வந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' முதலாகப் பல படங்களுக்கு இப்பகுதி வீடுகளின் முற்றமும் தூண்வரிசையும் வேண்டியிருந்தன. ஒருகாலத்தில் படமெடுப்போர் வெறும் பொட்டலில் மூங்கிலும் துணியும் சாயமும் கொண்டு வீட்டைப் படைத்தனர். இப்போது உண்மையான வீடே காட்சியரங்கமாக நாள்வாடகைக்குப் போகிறது. இந்த மாற்றத்தில் வீட்டுக்காரருக்குச் சிறிது வருவாய் உண்டு. ஊருக்கு அன்றிருந்த தொழில் இல்லை.

ஏவி.எம். நிறுவனம் 2023இல் சென்னையில் தன் பழைய கருவிகளையும் ஊர்திகளையும் காட்சிக்கு வைத்து ஓர் அருங்காட்சியகம் திறந்தது. கோடம்பாக்கத்தின் வரலாறு அவ்வாறு காக்கப்படுகிறது. காரைக்குடியின் ஈராண்டு வரலாறு ஆட்களின் நினைவில் இருக்கிறது. தேவகோட்டை ரஸ்தாவில் வண்டிகளை நிறுத்தி வேடிக்கை பார்த்த சிறுவர், படப்பிடிப்புக்குப் பலகை அறுத்த தச்சரின் மக்கள், சோறு ஆக்கிப் போட்டோரின் பேரர் ஆகியோரிடம் கேட்டு எழுதும் வேலைக்குக் கருவியோ பொருளோ வேண்டியதில்லை. ஒரு நோட்டும் சில மாலைப்பொழுதுகளும் போதும். கம்பனுக்கு 1939 முதல் விழா எடுத்தும், தமிழ்த்தாய்க்குக் கோயில் எழுப்பியும் வரும் ஊருக்கு அது பெரிய வேலையன்று. ஆனால் காலம் குறுகியது. 1947இல் பத்து வயதாயிருந்தவர் இன்று தொண்ணூறை ஒட்டி நிற்கிறார்.